நல்லடக்கம்

வேத புத்தகத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுபவை சிருஷ்டி, ஜலப்பிரளயம், வானளாவும் கோபுரம் முதலான பிரம்மாண்டமான விஷயங்கள். ஆனால் ஆதியாகமத்தின் 23-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், அது முழுவதும் ஒரு கிரயப் பத்திரத்தைப் போல் இருக்கிறது. விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார், நிலம் எந்த ஊருக்கு எதிரில் உள்ளது, அதிலுள்ள குகையும் எல்லைக்குள் நிற்கும் மரங்களும் சேர்த்தியா இல்லையா, சாட்சிகள் யார், தொகை என்ன என்பதில் ஒன்றும் விட்டுப் போகவில்லை. சிறு வயதில் இரவு ஜெபத்தின்போது இந்த அதிகாரம் வாசிக்கப்பட்டால் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் தூங்கி விழுவோம். அறுபது வயதைத் தாண்டிய இப்போதோ, இதைப் போல என்னை விழித்திருக்கச் செய்யும் அதிகாரம் வேறொன்று இல்லை.

ஆபிரகாமின் மனைவி சாராள் தன் 127-ஆம் வயதில் எபிரோனில் காலமாகிறாள். அவளை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்கு ஓர் அடி நிலம்கூடச் சொந்தத்தில் இல்லை. அந்தத் தேசம் முழுவதும் அவருடைய சந்ததிக்குக் கிடைக்கும் என்று தேவனுடைய வாக்கு இருந்தது வாஸ்தவம். ஆனால் வாக்கைக் காட்டி ஒரு குழி தோண்டிவிட முடியுமா? கண்ணீரைத் துடைத்துக் கொண்டு எழுந்து, ஊர் வாசலில் கூடியிருந்த ஏத்தின் புத்திரரிடம் போய், "நான் உங்கள் நடுவில் அந்நியன், எனக்குக் கல்லறைக்கு ஓர் இடம் வேண்டும்" என்று வணங்கிக் கேட்கிறார்.

அதற்குப் பிறகு நடக்கும் பேரம் இருக்கிறதே, அதை நம் பக்கத்து மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் நன்றாக ரசிப்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரனாகிய எப்பெரோன் முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி இலவசமாகவே தருவதாகச் சொல்கிறான். குகையை மட்டும் கேட்டால் நிலத்தையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் விலை சொல்லும்படி வற்புறுத்தவே, நமக்குள் 400 சேக்கல் வெள்ளி எம்மாத்திரம் என்று பேச்சுவாக்கில் தொகையை நழுவ விடுகிறான்! நம் ஊர்த் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்லும் கணக்கை இவன் உபசார வார்த்தைக்கு அடியில் சொல்லிவிட்டான். பிற்காலத்தில் தாவீது ராஜா ஒரு போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் 50 சேக்கலுக்கு வாங்கினார். எரேமியா தீர்க்கதரிசி ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கினார். காலமும் நிலமும் வேறானாலும், 400 என்பது கொள்ளை விலை என்றே படிக்கிறவனுக்குத் தோன்றும். பிற்கால யூதேயாவின் சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் எடை. அந்தக் கணக்கில் நாலரைக் கிலோ வெள்ளி ஆகிறது. ஆபிரகாம் ஒரு வார்த்தைகூடக் குறைத்துப் பேசாமல் எல்லோருக்கும் முன்பாக நிறுத்துக் கொடுத்தார்.

இனாமாக வந்ததை அவர் ஏன் வேண்டாம் என்றார்? எனக்குத் தோன்றுவது இதுதான்: இனாம் கொடுத்தவனுடைய பேரன் ஒரு நாள் மனம் மாறி, "இது எங்கள் இடம்" என்று சொல்லக்கூடும். உயிரோடிருக்கிறவன் அப்படிச் சொன்னால் கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு நடக்கலாம். மண்ணுக்குள் இருப்பவள் எழுந்து நடக்க மாட்டாள். வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசத்தில் ஆபிரகாம் விலை கொடுத்து வாங்கிய முதல் நிலம் வீட்டுக்கும் அல்ல, வயலுக்கும் அல்ல, மனைவியின் கல்லறைக்கு.

மக்பேலா என்னும் அந்தக் குகையில் பிறகு ஆபிரகாம், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், யாக்கோபு எல்லோரும் வைக்கப்பட்டார்கள். இந்த ஜாபிதாவில் ராகேல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாக்கோபு பதினான்கு வருஷம் ஊழியம் செய்து பெற்ற பிரிய மனைவி அவள். பெத்லெகேம் போகும் பாதையில் பிரசவத்தில் இறந்ததால் வழியோரத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டாள். யாக்கோபு அவளுடைய கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்திவிட்டுப் போனார். ஆனாலும் மரணப் படுக்கையில் அவர் கேட்டது அந்தத் தூணின் அடியில் ஓர் இடம் அல்ல. பிதாக்களுடைய குகை, லேயாளை அடக்கம் பண்ணியிருந்த அதே குகை. ஆயுள் முழுவதும் தன்னை நேசிக்காத கணவனின் பக்கத்தில் கடைசியில் இடம் பெற்றவள் லேயாள். இதைப் பற்றி வேதம் ஒரு விமரிசனமும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, ஆனால் எங்கள் குடும்பத்துப் பெண்கள் இந்த இடம் வரும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், அரை வரியில் வருவது. ஆபிரகாம் இறந்தபோது அவரை அடக்கம் பண்ணினவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும். இஸ்மவேல் யார்? தாயோடு அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. அவன் எப்படி வந்தான், யார் சொல்லி அனுப்பினார்கள், வந்தபோது தம்பியோடு என்ன பேசினான் என்பதொன்றும் எழுதப்படவில்லை. அடுத்த தலைமுறையில் ஈசாக்கை ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து அடக்கம் பண்ணுகிறார்கள். ஆசீர்வாதத்தைப் பறிகொடுத்தவனும் பறித்துக் கொண்டவனும் ஒரே பாடையைத் தூக்கினார்கள்.

இது எப்படி நடக்கும் என்பதை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். என் தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரு கிணற்றுப் பாத்தியதையையும் பதினொரு பனைகளையும் பற்றிய தகராறில் ஒன்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில்கூட ஒருவர் வலப் பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் இடப் பக்கம் உட்காருவார். அந்த நிலையில் தாத்தா போய்விட்டார். எங்கள் ஊரில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு அடியில் இரண்டு வடங்களைக் கொடுத்து, இந்தக் கரையில் இருவரும் அந்தக் கரையில் இருவருமாக நாலு பேர் பிடித்துக் கொள்வார்கள். கோயில் மணி அடிக்கும் கிழவர் யாரையும் கேட்காமல் ஒரு வடத்தின் ஒரு முனையைப் பெரியப்பா கையிலும், அதே வடத்தின் மறு முனையை எதிர்க்கரையில் நின்ற என் தகப்பனார் கையிலும் கொடுத்துவிட்டார். பெட்டி மட்டமாக இறங்க வேண்டுமானால் இருவரும் ஒரே அளவாக விட வேண்டும். ஒருவர் இறுக்கிப் பிடித்தால் மற்றவர் பக்கம் சாய்ந்து, தாத்தாவின் தலை கீழாகப் போய்விடும். பாதி இறங்கியதும் பெட்டி சாய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் விடு, தம்பி" என்றார் பெரியப்பா.

"சரி, அண்ணே" என்றார் என் தகப்பனார்.

ஒன்பது வருஷத்தில் அவர்கள் பேசிக் கொண்ட முதல் வார்த்தைகள் இவை. அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வழக்கு அதன் பிறகும் இரண்டு வருஷம் நடந்தது. கிணறு பெரியப்பாவுக்குப் போயிற்று. ஆனால் பேச்சு நிற்கவில்லை. கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள்.

மக்பேலாவைக் குறித்து இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குகையின்மேல் நிற்கும் மாபெரும் சுவர்கள் ஏரோது ராஜாவின் காலத்தவை என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். யூதரும் முஸ்லிம்களும் அந்த இடத்தை ஆபிரகாமின் கல்லறை என்று போற்றுகிறார்கள். 1994-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அங்கே தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்கள் ஒரு யூதக் குடியேறியால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கட்டடம் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இரு திறத்தாரும் வெவ்வேறு வாசல் வழியாகப் போகிறார்கள். ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து தகப்பனாரைக் கொண்டுபோய் வைத்த இடம் அது.

நிற்க, யாக்கோபின் விஷயத்துக்கு வருவோம். எகிப்தில் சாகக் கிடந்த அவர், யோசேப்பை அழைத்துத் தன் தொடையின்கீழ் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்: என்னை எகிப்தில் அடக்கம் பண்ணாதே, என் பிதாக்களிடம் கொண்டு போ. இது லேசான காரியமா? வைத்தியர்கள் நாற்பது நாள் சுகந்தவர்க்கமிட்டுச் சடலத்தைப் பதப்படுத்தினார்கள். எகிப்தியர் எழுபது நாள் துக்கம் கொண்டாடினார்கள். தேசத்துக்கே அதிபதியாயிருந்த யோசேப்பு, பார்வோனின் வீட்டாரைப் பிடித்து அவர்கள் மூலமாக உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் கோசேனில் விட்டுவிட்டு, ரதங்களும் குதிரைவீரரும் சூழக் கானானுக்குப் போய்த் திரும்பினான்.

அதே யோசேப்பு தன் 110-ஆம் வயதில் இறக்கும்போது என்ன கேட்டான்? தன்னையும் உடனே தூக்கிக் கொண்டு போகும்படி கேட்கவில்லை. தேவன் உங்களைச் சந்திக்கும் காலத்தில் என் எலும்புகளை இங்கிருந்து கொண்டு போங்கள் என்றான். தகப்பனுக்குச் சக்தி வாய்ந்த மகன் இருந்தான். அவர் கேட்டதைச் செய்ய அவனால் முடிந்தது. தன் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தச் சக்தி இராது என்று யோசேப்பு கண்டுகொண்டான் போலும். ஆகவே, தன் ஆசையை அவர்கள் தோள் தாங்கும் அளவுக்குக் குறைத்தான். உடல் வேண்டாம், எலும்பு போதும். இன்று வேண்டாம், என்றைக்கோ ஒரு நாள் போதும். வேதத்தில் பெற்றோரைக் கனம் பண்ணும்படி பிள்ளைகளுக்குக் கட்டளை இருக்கிறது. பிள்ளைகள்மேல் பெற்றோர் சுமத்தும் பாரத்துக்கு அளவு என்ன என்பதை நான் கற்றுக் கொண்டது யோசேப்பின் இந்த மரணப் படுக்கையிலிருந்துதான்.

தலைமுறைகள் சென்றன. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட இரவில் மோசே அந்த எலும்புகளை மறக்காமல் எடுத்துக் கொண்டார். மற்ற ஜனங்கள் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் சேகரித்துக் கொண்டிருக்கையில் மோசே மாத்திரம் யோசேப்பின் பெட்டியைத் தேடினார் என்று யூத ரபிமார் ஒரு வியாக்கியானம் சொல்வதுண்டு. எபிரேய மொழியில் பிரேதப் பெட்டிக்கும் பத்துக் கட்டளைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஒரே சொல்தான். வனாந்தரத்தில் நாற்பது வருஷம் இந்த இரண்டு பெட்டிகளும் அருகருகே போயின என்றும், இந்தப் பெட்டியில் கிடப்பவன் அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை அனுசரித்தவன் என்று வழிப்போக்கருக்குச் சொன்னார்கள் என்றும் அவர்கள் கூறுவார்கள். கடைசியில் எலும்புகள் சீகேமில் அடக்கம் பண்ணப்பட்டன.

இவ்வளவு தூரம் இறந்தோருக்குச் செய்யும் கடனைப் போற்றிய வேதத்திலேதான், ஒரு வாலிபன் வந்து, "என் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன்" என்று உத்தரவு கேட்டபோது, அந்த வேலையை மரித்தோரே பார்த்துக் கொள்ளட்டும், நீ என் பின்னே வா என்று இயேசு சொன்னதாக வருகிறது. இந்த இடத்தில் இடறாத தமிழ்க் கிறிஸ்தவன் இருக்க முடியாது. தகப்பனுக்குக் குழி வெட்டாதவன் பிள்ளையா என்று கேட்கும் ஊரில் பிறந்தவர்கள் நாம்.

சமாதானங்கள் பல சொல்லப்படுகின்றன. அந்தத் தகப்பன் இன்னும் சாகவே இல்லை, அவர் காலம் முடியட்டும் என்று தவணை கேட்டான் என்பார்கள் சிலர். அக்காலத்து எருசலேமில் சடலத்தைப் பாறைக் குகையில் கிடத்தி, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எலும்புகளைச் சிறு கற்பெட்டியில் சேர்த்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டாம் அடக்கத்துக்காகவே அவன் தவணை கேட்டான் என்று வேறு சிலர். இவை ஒருவாறு ஆறுதல் அளிக்கின்றன. எனக்கு இதைவிடத் தெளிவு தருவது லேவியராகமம். பிரதான ஆசாரியன் தன் தகப்பன், தாய் ஆகியோரின் பிரேதத்துக்கு அருகிலும் போகலாகாது என்று அங்கே விதி உண்டு. அழைப்பு அவ்வளவு பெரிது என்பதே அதன் கருத்து. ஆனாலும் அதே பிரதான ஆசாரியன் வழியில் ஓர் அநாதைப் பிணத்தைக் கண்டால், எல்லா விதியையும் தள்ளி வைத்துவிட்டு அதைத் தானே அடக்கம் செய்ய வேண்டும் என்று பிற்கால யூத நியாயப்பிரமாணம் வகுத்தது. தகப்பனுக்கு வேறு பிள்ளைகள் இருப்பார்கள், அநாதைக்கு யார்?

இயேசு குடும்பக் கடனை அலட்சியம் செய்தார் என்று நினைப்பவர்கள் கொர்பான் விஷயத்தை வாசிக்க வேண்டும். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி, வயதான தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! சிலுவையில் தொங்கும்போது தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்புவித்தார். அவளுக்கு எதிர்காலத்தில் நல்ல அடக்கம் செய்யும்படி சொல்லவில்லை. அன்று ராத்திரி அவள் தங்குவதற்கு ஒரு வீடு பார்த்தார்.

இதை நான் எழுதுவதற்கு வீட்டிலே காரணம் இருக்கிறது. என் தாயாருக்கு இப்போது எண்பத்தாறு வயது. தம்பி கடல் கடந்த தேசத்தில் உத்தியோகத்தில் இருக்கிறான். தூர தேசத்துப் பிள்ளை வந்து சேரும் வரையில் பிரேதத்தைக் குளிர்ப் பெட்டியில் ஐந்து நாள், ஆறு நாள் வைத்திருப்பது இப்போது எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணம். வாடகைக்குக் கிடைக்கிறது, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரும் வருகிறது. மோசேயின் சட்டமோ, மரத்தில் தூக்கப்பட்ட குற்றவாளியின் உடலைக்கூட இரவு தங்க விடாமல் அன்றே அடக்கம் பண்ணச் சொல்கிறது. தம்பி டெலிபோனில் சுற்றி வளைத்து, "அப்படி ஏதாவது ஆனால் நான் வருகிற வரைக்கும்..." என்று என்னிடம் ஆரம்பித்தான். பக்கத்திலிருந்த அம்மாவுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும். கருவியைக் கையில் வாங்கிக் கொண்டாள்.

"ஏலே, எனக்காக ஒருத்தரையும் காக்க வைக்கக் கூடாது. என்னைப் பார்க்கணும்னு நினைக்கிறவன் நான் பேசும்போதே வரட்டும்" என்றாள்.

யோசேப்பும் தகப்பன் சுகமில்லாதிருக்கிறார் என்று கேட்டவுடனே இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு போனான். அதனால்தான் யாக்கோபு பேரப் பிள்ளைகளின் தலைமேல் கையைக் குறுக்காக வைத்து ஆசீர்வதிக்க முடிந்தது.

சொந்தக்காரர் செய்ய முடியாததை அந்நியர் செய்த கதைகளையும் வேதம் விடவில்லை. பெலிஸ்தர் சவுல் ராஜாவின் உடலைப் பெத்சான் மதிலில் தொங்க விட்டபோது, யாபேஸ் கீலேயாத்தார் இரவு முழுவதும் நடந்து போய் எடுத்து வந்தார்கள். பல வருஷங்களுக்கு முன் அவர்களுடைய வலது கண்களைப் பிடுங்க வந்தவனிடமிருந்து சவுல் அவர்களைக் காப்பாற்றியிருந்தார். அதை அவர்கள் மறக்கவில்லை. உடலைச் சுட்டெரித்து எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம் செய்தார்கள். தகனம் செய்யலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுவது என் வழக்கம். அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்த புதிய கல்லறையையே இயேசுவுக்குக் கொடுத்தார். ரோமர் சிலுவையில் அறைந்தவர்களின் உடலைத் திருப்பிக் கொடுப்பது அபூர்வம் என்று பலர் கருதி வந்தார்கள். ஆயினும் 1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கற்பெட்டி அகப்பட்டது. அதிலிருந்த குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. யாரோ ஒரு குடும்பம் அந்த மனிதனின் உடலைக் கேட்டு வாங்கி, பிறகு எலும்புகளையும் சேர்த்து வைத்திருக்கிறது.

ஆனால் என் மனத்தை விட்டு அகலாதவள் ரிஸ்பாள். பழைய பகைக்கு ஈடாகச் சவுலின் சந்ததியில் ஏழு பேரை மலையில் தூக்கிலிட்டு விட்டுவிட்டார்கள். அவர்களில் இருவர் அவள் பெற்ற பிள்ளைகள். இரட்டைப் பாறைமேல் விரித்துக் கொண்டு, வாற்கோதுமை அறுப்பு துவக்கத்திலிருந்து மழை பெய்யும் வரையில் அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டினாள். மற்ற ஐந்து பேர் அவளுடைய பிள்ளைகள் அல்ல. ஆயினும் ஏழு பேரையும் காத்தாள். செய்தி தாவீதுக்குப் போயிற்று. அப்போதுதான் அவர் யாபேஸ் கீலேயாத்திலிருந்த சவுல், யோனத்தான் எலும்புகளையும் இந்த ஏழு பேருடைய எலும்புகளையும் சேகரிக்கச் செய்து, சவுலின் எலும்புகளை அவர் தகப்பனாகிய கீஸின் கல்லறையில் வைத்தார். ராஜாவுக்குக் கடமையை நினைவூட்டியவள், கையில் ஒரு கோலும் இரட்டுத் துணியும் தவிர வேறொன்றுமில்லாத ஒரு விதவை. கோல் என்பது என் ஊகம். எதைக் கொண்டோ விரட்டியிருக்க வேண்டும் அல்லவா!

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் யூதர்களுக்குள் சாவுச் செலவு சாவைவிடப் பெரிய துன்பமாகி, உறவினர் பிரேதத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போகும் அளவுக்கு முற்றியதாகத் தல்மூத் கூறுகிறது. அப்போது கமாலியேல் என்னும் மதிப்பு வாய்ந்த ஆசாரியர், தம்மைச் சாதாரண நூல் துணியில் அடக்கம் செய்யும்படி ஏற்பாடு செய்தார். பெரியவரே அப்படிப் போனதால் மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. எளிய வெள்ளைத் துணி இன்றைக்கும் அவர்களுக்குள் வழக்கமாயிருக்கிறது. பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டிக்கும், பூ ஜோடித்த வண்டிக்கும், வீடியோக்காரருக்கும் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கும் எங்கள் ஜனங்களுக்கு ஒரு கமாலியேல் இன்னும் வரவில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கலியாணத்துக்கு வந்த தகரப் பெட்டியின் அடியில், வேப்பிலை போட்டு மடித்த ஒரு வெள்ளைக் கைத்தறிப் புடவையை வெகு நாளாக வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து உலர்த்துவது வழக்கம். சென்ற தை மாதம் தம்பி பதினைந்து நாள் லீவில் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அவன் புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்துக் கொண்டான். மற்ற இரண்டு முனைகளை நான் பிடித்துக் கொண்டேன். முற்றத்துக் கொடியில் போட்டோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கொண்டு, "நிழல் விழுகிறது, இன்னும் கொஞ்சம் கிழக்கே இழுங்கள்" என்றாள்.